திரவத்தின் நிறையை அளப்பது எப்படி? தராசு காட்டுவது நிறையா, எடையா?

நீர்த்துளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திரவத்தின் நிறையை ஆய்வகத்தில் அளப்பது தொடர்பாக எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இரண்டும் ஒரே சோதனையிலிருந்து எழுந்தவை என்பதால் சேர்த்தே கேட்கிறேன்.

வெறும் பீக்கரை மின்னணுத் தராசில் வைத்தபோது 32.46 கிராம் காட்டியது. அளவுசாடியில் 50 மில்லிலிட்டர் நீர் எடுத்து அந்தப் பீக்கரில் ஊற்றி மறுபடியும் வைத்தபோது 81.97 கிராம் காட்டியது. கழித்துப் பார்த்தால் நீரின் பங்கு 49.51 கிராம்தான் வருகிறது. நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்றுதானே படித்திருக்கிறோம். அப்படியானால் ஏறத்தாழ அரை கிராம் எங்கே போயிற்று? சோதனையின்போது நீரும் அறையும் 30 பாகை செல்சியசில் இருந்தன.

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. நிறை என்பது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, அதன் அலகு கிலோகிராம். எடை என்பது அப்பொருளின் மீது செயல்படும் ஈர்ப்பு விசை, அதன் அலகு நியூட்டன் என்று பாடத்தில் சொல்கிறார்கள். தராசுத் தட்டை நீர் அழுத்துவது தன் எடையால்தான், நிறையால் அன்று. அவ்வாறிருக்க, தராசு எடையை உணர்ந்துவிட்டுக் கிராமில் விடை சொல்வது எந்த நியாயத்தில்? 49.51 என்ற எண்ணை நான் நிறை என்று எழுதுவதா, எடை என்று எழுதுவதா?

---

அடர்த்திக்குடுவை எழுதியது:

முதல் ஐயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்பது 4 பாகை செல்சியசுக்கு அருகில்தான் ஏறத்தாழ உண்மை. அங்கும் துல்லியமான மதிப்பு 0.99997. 20 பாகையில் அது 0.9982 ஆகவும், தாங்கள் சோதனை செய்த 30 பாகையில் 0.9957 ஆகவும் குறைந்துவிடுகிறது. எனவே 30 பாகையில் சரியாக 50 மில்லிலிட்டர் நீர் எடுத்திருந்தாலும் அதன் நிறை 49.78 கிராம்தான். காணாமற்போனதாகத் தாங்கள் நினைக்கும் அரை கிராமில் 0.22 கிராம் இங்கேயே கணக்கில் வந்துவிட்டது.

எஞ்சிய 0.27 கிராமில் பெரும்பகுதி அளவுசாடியைச் சேர்ந்தது. சாடியின் கழுத்தருகே ‘இன்’ அல்லது ‘எக்ஸ்’ என்ற குறி அச்சிடப்பட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். முதலாவது குறி இருந்தால், கோடு வரை நிரப்பும்போது சாடிக்குள் இருக்கும் திரவத்தின் பருமன் அது என்று பொருள். அதை வெளியே கொட்டினால் உட்சுவரில் ஒட்டிய படலமும் அடியில் தங்கிய துளியும் போக மிச்சந்தான் பீக்கருக்கு வந்து சேரும். இரண்டாவது குறி இருந்தால், கொட்டும்போது வந்துசேரும் பருமனைக் குறித்து அளவிட்டிருக்கிறார்கள். ஒரு சில துளிகள் சாடியில் தங்கினாலே 0.2 கிராம் போய்விடும். அதற்கு மேல், 50 மில்லிலிட்டர் சாடிகளில் ஒரு சிறு பிரிவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர் என்பதால், பிறைத்தளத்தின் அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணை வைக்காமல் சற்று மேலிருந்து பார்த்தாலே கால் மில்லிலிட்டர் தவறும்.

ஆனால் தாங்கள் எந்த எண்ணைச் சந்தேகிக்கிறீர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பீக்கரில் உள்ள நீரின் நிறையைத்தான் தேடினீர்கள். அதைத் தராசு நேரடியாகச் சொல்லிவிட்டது. பீக்கருக்குள் எத்தனை மில்லிலிட்டர் வந்தது என்பதைப் பற்றித் தராசுக்குக் கவலை இல்லை. ஆகவே ஐயத்துக்குரிய எண் 50 தானே தவிர 49.51 அன்று. நிறை மட்டும் வேண்டுமென்றால் அளவுசாடியையே தொட வேண்டியதில்லை. பீக்கரைத் தராசில் வைத்து, தேவையான அளவு காட்டும் வரை நீரை ஊற்றினால் போதும்.

செய்முறையில் ஒன்றிரண்டு செய்திகள். ‘டேர்’ பொத்தானை அழுத்திச் சுழியாக்கிவிட்டு ஊற்றுவது எளிதுதான் என்றாலும், வெறும் பீக்கரின் காட்டளவையும் நிரம்பிய பீக்கரின் காட்டளவையும் தனித்தனியே எழுதிக் கழிப்பதையே நான் பரிந்துரைப்பேன். இறுதியில் பீக்கரைக் காலிசெய்து உலர்த்தி மறுபடி வைத்துப் பார்த்தால், தராசின் சுழி நகர்ந்திருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பீக்கரின் வெளிப்புறத்தில் வழிந்த ஒரு துளி நீர் 0.05 கிராம் வரை இருக்கும் என்பதால் அதைத் துடைத்துவிட்டே வைக்க வேண்டும். சூடான திரவத்தை ஒருபோதும் அப்படியே வைக்கக் கூடாது. பீக்கரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழும்போது தட்டையும் சேர்த்துத் தூக்குவதால் காட்டளவு குறைவாக வரும்.

---

துலாமுள் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். தங்கள் வாதத்தின் முற்பாதி முழுவதும் சரியானது. மின்னணுத் தராசு உணர்வது விசையை மட்டுமே. எளிய வகைத் தராசில் தட்டுக்கு அடியில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். சுமையால் அது மிக நுண்ணிய அளவு வளையும்போது, அதன்மேல் ஒட்டிய உலோகத் தகட்டிழையின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றமே அளக்கப்படுகிறது. வேதியியல் ஆய்வகத்தின் நான்கு தசம இலக்கத் தராசிலோ, காந்தப் புலத்தில் வைத்த ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தித் தட்டைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவருகிறார்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ அதுதான் அளவு. இரண்டிலும் கருவி அறிவது கீழ்நோக்கிய விசை என்ற ஒன்றைத்தான்.

ஆனாலும் 49.51 கிராம் என்பது நிறைதான். தயங்காமல் அப்படியே எழுதுங்கள். ஏனென்றால், விசையிலிருந்து கிராமுக்கு மாற்றும் வேலையைத் தராசு தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. நிறை அறியப்பட்ட ஒரு படித்தர எடைக்கல்லை, அதே இடத்தில், அதே தட்டின் மீது வைத்து, ‘இந்த விசை வந்தால் 200 கிராம் என்று காட்டு’ என்று அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம். எடைக்கல்லை இழுத்த அதே ஈர்ப்பு முடுக்கமே நீரையும் இழுப்பதால், இரு விசைகளின் விகிதம் எடுக்கும்போது அந்த முடுக்கம் அடிபட்டுப் போகிறது, நிறைகளின் விகிதம் மட்டும் எஞ்சுகிறது. தட்டின் மீதுள்ள அந்த நீரின் எடை கேட்டால், 0.04951 கிலோகிராமை 9.8 ஆல் பெருக்கி 0.485 நியூட்டன் என்று எழுத வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்போது உடையும் என்று பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஈர்ப்பு முடுக்கம் புவி முழுவதும் ஒன்றாக இல்லை. கடல்மட்டத்தில் நடுக்கோட்டில் ஏறத்தாழ 9.780, துருவத்தில் 9.832 மீட்டர்/நொடி². நடுக்கோட்டில் திருத்திய தராசை மறுபடி திருத்தாமல் துருவத்துக்கு எடுத்துச்சென்று, அதே ஒரு கிலோகிராம் நீரை வைத்தால், அது 1005.3 கிராம் என்று காட்டும். நீரில் ஒரு மூலக்கூறும் கூடவில்லை. எடைதான் கூடியது, தராசு பழைய பாடத்தையே ஒப்பிக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஈர்ப்பு முடுக்கம் ஒரு கோடியில் மூன்று பங்கு குறைகிறது. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசைக் கட்டடத்தின் ஒரு தளத்திலிருந்து மூன்று மீட்டர் உயரமான அடுத்த தளத்துக்கு மாற்றினால், 200 கிராம் சுமைக்கு ஏறத்தாழ 0.19 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். நல்ல தராசுகளில் உள்ளேயே ஓர் எடைக்கல்லை வைத்து, அடிக்கடி தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும்படி அமைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தட்டில் நீர், மறு தட்டில் எடைக்கற்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே முடுக்கத்தால் இழுக்கப்படுவதால் முள் நடுவில் நிற்பது நிறைகள் சமம் என்பதை மட்டுமே சொல்லும். ஈர்ப்பு முடுக்கம் 1.62 ஆக இருக்கும் நிலவிலும் அது அதே விடையைத் தரும். அங்கே தங்கள் மின்னணுத் தராசு, திருத்தாமல் பயன்படுத்தினால், 8.2 கிராம் போலக் காட்டும். (காற்றில்லாத நிலவில் திறந்த பீக்கரில் நீர் நிற்காமல் கொதித்து ஆவியாகிவிடும் என்பது வேறு கதை. மூடிவைத்ததாக வைத்துக்கொள்வோம்.)

எடை இடத்துக்கு இடம் மாறும் என்பது தராசு இல்லாமலே முதலில் வெளிப்பட்ட செய்தி. 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவில் நடுக்கோட்டை ஒட்டியுள்ள கயேன் நகருக்குக் கொண்டுசென்றபோது, அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசற்குண்டு அதேதான், அதை இழுக்கும் முடுக்கம் குறைந்திருந்தது. அந்த வேறுபாட்டை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்தது மிகப் பின்னர்: கிலோகிராம் நிறையின் அலகு என்றும், எடை என்பது விசையின் தன்மையுடைய அளவு என்றும் 1901-இல் கூடிய எடைகள் அளவைகளுக்கான மூன்றாவது பொது மாநாடு அறிவித்தது. 9.80665 என்ற படித்தர ஈர்ப்பு முடுக்கத்தையும் அதே மாநாடுதான் வகுத்தது.

---

நீர்த்துளி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விசைகளின் விகிதத்தில் ஈர்ப்பு முடுக்கம் அடிபட்டுப் போகிறது என்ற இடத்தில் எனக்குத் தெளிவு கிடைத்துவிட்டது. இதையொட்டி இன்னொன்று கேட்கலாமா? நீர் நிறைந்த பீக்கர் தராசில் இருக்கும்போது, விரலைப் பீக்கரின் அடியையோ சுவரையோ தொடாமல் நீரில் மட்டும் தோய்த்தால், காட்டளவு சில கிராம்கள் கூடுகிறது. விரலை எடுத்தால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. விரலை நான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறேன், தட்டின் மீது அது இல்லை. பிறகு எந்த நிறை கூடியது?

---

மிதவை எழுதியது:

எந்த நிறையும் கூடவில்லை, விசை மட்டும் கூடியது. முன்னவர் சொன்னதற்கு இதைவிடக் கைக்கெட்டிய சான்று கிடையாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விரல் நீரை விலக்கும்போது, விலகிய நீரின் எடைக்குச் சமமான மிதப்பு விசையால் நீர் விரலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அப்படியானால் விரலும் அதே அளவு விசையால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளத்தான் வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி யாரையும் விட்டுவைப்பதில்லை. விரல் 5 கன சென்டிமீட்டர் நீரை விலக்கினால், தட்டின் மீது கூடுதலாக 0.049 நியூட்டன் விழும். அந்த விசையைத் தராசு தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் 5 கிராம் என்று காட்டும். விரலுக்குப் பதிலாக அதே பருமனுள்ள இரும்பையோ கண்ணாடியையோ நூலில் கட்டி அமிழ்த்தினாலும் அதே 5 கிராம்தான் கூடும். அமிழ்த்தும் பொருளின் நிறைக்கு இதில் பங்கே இல்லை, அதன் பருமனுக்கு மட்டுமே பங்கு. நூல் தளர்ந்து பொருள் அடியில் அமர்ந்த நொடியில்தான் அதன் முழு எடையும் தட்டுக்கு வரும்.

இதையே தலைகீழாகத் திருப்பினால் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் நேர்த்தியான முறை கிடைக்கிறது. பருமன் சரியாக 10 கன சென்டிமீட்டர் என்று தெரிந்த கண்ணாடிக் குண்டு ஒன்றை நூலில் கட்டி, தராசில் உள்ள திரவத்துக்குள் முழுதும் அமிழும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். காட்டளவு எவ்வளவு உயர்ந்ததோ அதைப் பத்தால் வகுத்தால் அடர்த்தி. 20 பாகையில் உள்ள தூய எத்தனால் என்றால் 7.89 கிராம் உயரும், அதாவது அடர்த்தி 0.789. குண்டின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அதுவும் திரவத்தை விலக்கிக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், முதலில் ஒருமுறை அசைத்துக் குமிழியை விலக்கிவிட வேண்டும்.

அடர்த்திக்குடுவை அவர்கள் தம் கணக்கில் 0.27 கிராமின் ‘பெரும்பகுதி’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டதன் மிச்சமும் இங்கேதான் இருக்கிறது. காற்றும் ஒரு பாய்மம். அதுவும் தன்னுள் அமிழ்ந்த எல்லாவற்றையும் தூக்குகிறது. காற்றின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.0012 கிராம். தராசைத் திருத்தப் பயன்படும் எஃகு எடைக்கல்லின் அடர்த்தி 8 என்று கொள்வது வழக்கம். ஒரு கிராம் எஃகு விலக்கும் காற்றைவிட ஒரு கிராம் நீர் எட்டு மடங்கு அதிகக் காற்றை விலக்குவதால், நீர் சற்றே கூடுதலாகத் தூக்கப்படுகிறது. கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் வீதம் தராசு குறைத்துச் சொல்கிறது. ஆகவே தங்கள் 49.51 கிராம் நீரின் உண்மையான நிறை 49.56 கிராம். அந்த 0.05 போக எஞ்சும் 0.22 கிராம்தான் சாடியின் சுவருக்கும் கண்ணின் கோணத்துக்கும் உரியது.

இரண்டு இலக்கத் தராசில் வகுப்புச் சோதனை செய்பவர் இந்தத் திருத்தத்தை விட்டுவிடலாம். ஆனால் நீரின் நிறையை வைத்துப் பிப்பெட்டின் கொள்ளளவைச் சரிபார்ப்பவர் விட முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அங்கே சிறிய பிழை அன்று.

---

நிலைமம் எழுதியது:

இதுவரை சொன்ன எல்லா முறைகளும் நிறையை அதன் எடையின் வழியாகத்தான் பிடிக்கின்றன. எடையே இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாகப் புவியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில், மின்னணுத் தராசு சுழியையே காட்டும். துலாமுள் அவர்கள் புகழும் இருதட்டுத் தராசும் எந்த நிலையிலும் அப்படியே நிற்கும், ஒப்பிட இருபுறமும் விசையே கிடையாது. ஆனால் அங்கேயும் நீர்ப்பையைப் பிடித்துத் தள்ள முயன்றால் அது எதிர்க்கும். நிறையின் இன்னொரு முகம் அந்த எதிர்ப்பு, அதாவது நிலைமம். விண்வெளி வீரர்கள் சுருள்வில் பொருத்திய இருக்கையில் அமர்ந்து ஊசலாடி, ஊசலாட்டக் காலத்திலிருந்து தம் நிறையைக் கணக்கிடுவதும் அதனால்தான். நிறை கூடக்கூட ஊசலாட்டம் மெதுவாகும். நான்கு மடங்கு நிறைக்கு இரண்டு மடங்கு காலம்.

திரவத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பாதி நிரம்பிய பாத்திரத்தை ஊசலாட்டினால் திரவம் உள்ளே தன் போக்கில் அலைபாய்ந்து, காலக் கணக்கைக் குலைத்துவிடும். எனவே குழாயை வெற்றிடம் இல்லாமல் முழுதாக நிரப்ப வேண்டும். ‘யூ’ வடிவக் கண்ணாடிக் குழாயைத் திரவத்தால் நிரப்பி அதிரவிட்டு, அதிர்வெண் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அடர்த்தியைச் சொல்லும் கருவிகள் ஆய்வகங்களில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் திரவத்துக்கும் வழி இருக்கிறது. கோரியாலிஸ் பாய்வுமானியில், அதிரும் குழாய் வழியே திரவம் ஓடும்போது அதன் நிலைமத்தால் குழாய் சற்றே முறுக்கிக்கொள்கிறது. நுழைவாயில் பக்கமும் வெளிவாயில் பக்கமும் அதிர்வதில் ஏற்படும் மிகச் சிறிய கால வேறுபாடு, நொடிக்கு எத்தனை கிலோகிராம் ஓடுகிறது என்பதை நேரடியாகத் தரும். திரவம் வெப்பத்தால் விரிந்தாலும் சுருங்கினாலும் அதற்குப் பொருட்டில்லை. பெட்ரோல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியக்கூடியது என்பதால், பெருமளவில் கைமாறும் இடங்களில் லிட்டர் கணக்கைவிட இந்தக் கணக்கே நம்பத்தக்கது.

இப்படி நிலைமத்தால் அளந்த நிறையும் ஈர்ப்பால் அளந்த நிறையும் ஒன்றாகவே வருகின்றன என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அப்படி இருந்துதான் ஆக வேண்டும் என்று நியூட்டனின் விதிகளில் எந்தக் கட்டாயமும் இல்லை. அது சோதனையால் மட்டுமே நிறுவப்பட்டது. மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் டைட்டானியத்தையும் பிளாட்டினக் கலவையையும் வைத்து நடத்திய சோதனையின் இறுதி முடிவு 2022-இல் வெளிவந்தது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற நுட்பம் வரை பார்த்தும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இந்த ஒருமைப்பாடு இல்லையென்றால், எஃகு எடைக்கல்லால் திருத்திய தராசில் நீரின் நிறையை நம்பிப் படிக்கவே முடியாது.

---

நீர்த்துளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: அடுத்த வகுப்பில் அசிட்டோனின் நிறையை அளக்க வேண்டும். திறந்த பீக்கரில் வைத்தால் காட்டளவு நிற்காமல் குறைந்துகொண்டே போகிறது. எந்த எண்ணை எழுதுவது?

---

அடர்த்திக்குடுவை எழுதியது:

எந்த எண்ணையும் எழுத வேண்டாம். அங்கே குறைவது உண்மையான நிறை, அசிட்டோன் ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறது. இறுக்கமான மூடியுள்ள சிறு குடுவையில் அசிட்டோனை எடுத்து, மூடியோடு சேர்த்துத் தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவையானதைச் சோதனைக் கலத்தில் ஊற்றி, உடனே மூடி, குடுவையை மறுபடி வையுங்கள். இரண்டு காட்டளவுகளின் வேறுபாடு, குடுவையை விட்டுச் சென்ற நிறை; ஊற்றிய கலத்தில் அதன் பிறகு எவ்வளவு ஆவியானாலும் அந்த எண் மாறாது. கந்தக அமிலத்தையும் கிளிசராலையும் அளக்கும்போதும் இதே முறையைப் பின்பற்றுங்கள். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், திறந்து வைத்தால் காட்டளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும்.